ஒரு டப்பா சிவப்பு, ஒரு டப்பா வெள்ளை

எல்பசான் கடைத்தெருவில் வாங்கிய பெயின்ட்.
மேலே வெள்ளை, நடுவில் சிவப்பு, கீழே வெள்ளை.
ஒரு கை அகலம். நடப்பவர் கண்ணுக்கு நேரே.
இருநூறு எட்டுக்கு ஒன்று,
பாதை பிரிகிற இடத்தில் மட்டும் இரண்டு.
ஏப்ரலிலிருந்து இதுதான் என் பிழைப்பு.

எக்னாத்தியா வழி என்று தாளில் எழுதித் தந்தார்கள்.
ரோமாபுரிப் படை கப்பலை விட்டிறங்கிக்
கிழக்கே போன வழி.
தாளில் அது ஒரே கோடு.
தரையில்
பிளம்ஸ் தோப்புக்குள் நுழைந்து காணாமல் போகிறது,
யாருடைய சோளக்கொல்லையிலோ தலைகாட்டுகிறது,
கான்கிரீட் பதுங்குகுழி ஒன்றின் முதுகில் ஏறி
அந்தப் பக்கம் இறங்குகிறது.
பதுங்குகுழிக்குப் போர் வரவேயில்லை.
ஆடுகள் வந்திருக்கின்றன. புழுக்கை இன்னும் ஈரம்.

டப்பாக்களைச் சுமப்பது ஒரு கோவேறு கழுதை.
பெயர் மந்திரி.
ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்.
"தின்னும். நகராது," என்றான் பார்தோக்.
பத்தொன்பது வயது அவனுக்கு.
பாறைக்குப் பாறை தாவி சிக்னல் தேடுகிறான்.
அண்ணன் இத்தாலியில் தக்காளி பறிக்கிறான்.
படைகள் வந்த அதே கடல்தான்,
எதிர்த்திசையில்,
லாரியில் தார்ப்பாயின் கீழ் மூச்சடக்கி.

ஷ்கும்பின் ஆறு கூடவே வருகிறது,
சில இடங்களில் சத்தமாக மட்டும்.

மூன்றாம் நாள், ஸெனெப்பே வீட்டுக் கோழிக்கூண்டு.
மூன்று கால்கள் செங்கல்.
நாலாவது, உருண்டைக் கல்.
மண்டியிட்டுப் பார்த்தேன். தலைகீழாக எழுத்து:
பெருக்கல் குறி போல் ஒன்று, பக்கத்தில் இரண்டு கோடு,
பிறகு உடைசல்.
மைல்கல்!
மேடையேறுகிறவர்கள் வாயில் எல்லாமே மைல்கல்.
அசலை அன்றுதான் பார்க்கிறேன்,
எச்சம் வழிய வழியப்
பதினொரு கோழிகளைத் தாங்கிக்கொண்டு.

"அருங்காட்சியகத்துக்குச் சொல்லட்டுமா?"
ஸெனெப்பே ஈரக்கையை இடுப்புத்துணியில் துடைத்தாள்.
"சொல்லு. தாராளமாகக் கொண்டுபோகட்டும்.
இதே உயரத்துக்கு ஒரு கல்லை முதலில் வைக்கச் சொல்லு.
கூண்டு சாய்ந்தால்,
நரி எந்தப் பேரரசன் பெயரையும்
படித்துக்கொண்டு நிற்காது."

பிற்பகல் முழுக்க ஆற்றங்கரையில் கல் தேடினோம்.
ஒன்று நாலு விரல் குட்டை.
ஒன்று நெட்டை, உருட்டினால் பார்தோக்கின் கால்மேல்.
ஒன்று மிக அழகு, பச்சை நரம்போடிய கல்,
ஆனால் முட்டை மாதிரி, எதன்மேலும் நிற்காது.
இரண்டாயிரம் வருடம் நிற்கிற மாதிரி
ஒரு கல்லைக்கூட அந்த ஆறு வைத்திருக்கவில்லை,
அல்லது எங்களுக்குத் தரவில்லை.
அவித்த முட்டையும் உப்பும் தந்தாள் ஸெனெப்பே.
நோட்டுப்புத்தகத்தைத் திறந்தேன்.
தேதி மட்டும் எழுதி மூடினேன்.

தாளில் கோடு நாற்பது எட்டு கீழே போகிறது.
நான் அதை வளைத்து
கூண்டின் கதவில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை.
சேவல் ஒருமுறை சாய்ந்து பார்த்தது.
சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பாதை நேராக ஆற்றுக்குள் போனது.
பாலம் இல்லை. அக்கரையில் பாதியில் நிற்கும் ஒரு வளைவு,
எதற்கோ கையைத் தூக்கி மறந்துபோனது போல.
மந்திரி நின்றது.
தள்ளினோம், திட்டினோம், முட்டைத்தோட்டைக் காட்டிக்கூடக் கெஞ்சினோம்.
பிறகு அதற்கே தோன்றி
நேரே போகாமல் கோணலாக இறங்கியது,
முட்டிக்குமேல் நனையாமல்.

ஷூவைக் கழுத்தில் மாட்டிப் பின்னால் போனேன்.
காலடியில் சேறு இல்லை, கூழாங்கல் இல்லை.
பலகைக்கல், அடுத்தும் பலகைக்கல்.
ஒன்றில் நீளமாக ஒரு பள்ளம்,
என் குதிகால் அளவாக உட்கார்ந்தது.
எத்தனை வண்டி, என்ன பாரம்,
யாருடைய மாடு இங்கே மூச்சிரைத்தது?
இப்போது தண்ணீர் மட்டும் அதில் ஓட்டிக்கொண்டு போகிறது,
சுமை ஏதுமில்லாமல்.

கையில் தூரிகை. காய்ந்த கல் ஒன்றுகூட இல்லை.

நடு ஆற்றில் பார்தோக்கின் போன் அடித்தது.
நாலு நாளில் முதல் சிக்னல்.
அண்ணன்தான். எங்கேடா இருக்கிறாய் என்று
எனக்கே கேட்டது.
முழங்கால் நீரில், ஒரு கையால் பேன்டைத் தூக்கிப் பிடித்தபடி,
"ரோட்டில்," என்றான் பார்தோக்,
"ரோட்டில்தான் நிற்கிறேன்."

மந்திரி அதற்குள் அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது.