பதினேழு கிலோமீட்டர்

ஃபெல்ஸிலிருந்து ஹால் வரை, இன் நதியின் கரையோடு.
போக ஒரு பதினேழு, வர ஒரு பதினேழு.
லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்கு
நாள் முழுக்க ஏறி இறங்குவதுதான் பிழைப்பு;
அதனால்தானோ என்னவோ
மட்டமாகப் போகும் பாதைமேல் இத்தனை ஆசை.

நவம்பர் பிறந்தால் ஆணி டயர்.
தார்ச்சாலையில் பொரி வறுபடும் சத்தம்,
பனிக்கட்டியில் ஏறியதும் சட்டென்று அடங்கும்.
தெற்கு மலை சூரியனை எடுத்து வைத்துக்கொள்ளும் வாரங்களில்
வடக்குச் சுவரின் உச்சியில் மட்டும் வெயில் காயும்,
யாரோ உலர்த்திவிட்டு மறந்த துணிபோல.

கிரானெபிட்டனில்
விமான நிலைய வேலி தொடங்கும் இடத்தில்
ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள்.
ஆரஞ்சுத் தொப்பி, நெற்றியில் விளக்கு,
இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த ஓட்டம்.
மணியடிப்பேன்.
திரும்பாமல் ஒரு விரலைத் தூக்குவாள்.
மூன்று குளிர்காலம், பேச்சு அவ்வளவே.

மார்ச்சில் ஃபோன் வரும்.
கைபேசி இல்லை, காற்று.
தெற்குக் கணவாயிலிருந்து விழுந்து
ஊர் முழுக்கத் தலைவலி பரப்பும் வெப்பக் காற்று.
விமானங்கள் தண்ணி போட்டவன்போல் தள்ளாடி இறங்கும்.
அப்படி ஒரு நாள்
கியரைக் குறைத்து, ஹேண்டில்பாரில் கவிழ்ந்து,
மிதித்து மிதித்து நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.
பின்னால் காலடிச் சத்தம்.
என்னைக் கடந்தே போய்விட்டாள்.
எனக்குச் சக்கரம் இரண்டு.
போகிறபோக்கில் அந்த ஒரு விரல்.

ஜூலையில் பனியாறு கரைந்து
நதி சாம்பல் பாலாகப் பொங்கும்.
பாதை நிறைய விருந்தாளிகள், வரைபடம், ஐஸ்கிரீம்,
குறுக்கே நின்று யோசிக்கும் நாய்கள்.
நாங்கள் இருவரும் முகம் சுளித்தபடி
அக்டோபருக்குக் காத்திருப்போம்.
இது நான் சொல்வது. அவளைக் கேட்டதில்லை.

போன பிப்ரவரி, பல்கலைக்கழகப் பாலத்தின் அடியில்
நிழல் என்று நினைத்தது பனிக்கட்டி.
ஆணி டயரை முந்தின நாள்தான் கழற்றியிருந்தேன்,
இரண்டு நாள் வெயிலை நம்பி.
மல்லாந்து கிடந்தேன்.
மேலே பாலத்தின் அடிவயிறு, விழலாமா என்று தொங்கும் ஒரு சொட்டு.
ஆரஞ்சுத் தொப்பி குனிந்தது.
“எலும்பா?”
“இல்லை, செயின்.”
பிறகுதான் கவனித்தேன்:
கைக்கடிகாரத்தை நிறுத்தியிருந்தாள்.
சிவப்பு விளக்கில்கூட
நின்ற இடத்தில் குதித்துக்கொண்டே இருப்பவள்.

செயினை அவளே மாட்டினாள்.
கறுத்த விரல்களைப் பனியில் துடைத்துக்கொண்டு
“நோட்புர்கா” என்றாள்,
வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல்.
“கெப்ஹார்ட்” என்றேன்.
பொத்தான் பீப் என்றது. ஓடிவிட்டாள்.
முழங்கை ஒரு வாரம் ஊதா நிறத்தில் இருந்தது.

இன்று காலை மைனஸ் ஒன்பது.
மூச்சு தாடியில் உறைந்து குத்துகிறது.
நதி இளைத்து, தெளிந்து,
விளக்கு விழும் இடத்தில் கூழாங்கற்களைக் காட்டுகிறது.
வேலி தொடங்குகிறது.
இடது பக்கம் சற்றே சாய்ந்து ஒரு வெளிச்சம்
முன்னால் ஆடிக்கொண்டு போகிறது.

மணியை இன்னும் அடிக்கவில்லை.