கடிகாரம் இருந்த ஓட்டை

எந்த விமானி அறையிலும் முதலில் காணாமல் போவது
கடிகாரம்தான்.
நான்கு திருகாணி, இரண்டு நிமிட வேலை,
சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.
இறக்கையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

என் கராஜில் நிற்பது வேம்பயர்;
மூக்கும் இரண்டு இருக்கைகளும் மட்டும்.
மூக்கு முழுக்க மரம், ஒட்டுப்பலகைக்கு நடுவே பால்சா.
லிங்கன்ஷயர் மழையில் ஒரு பன்றிப் பண்ணையில் கிடந்ததை
டிரெய்லரில் ஏற்றி வந்தேன்.
அன்றிலிருந்து கார் வெளியே நனைகிறது.
"ரத்தக் காட்டேரி என்று பேரிலேயே எழுதியிருக்கிறதே"
என்றாள் க்வெண்டா.

குடித்தது.
பள்ளிப் பேருந்து ஓட்டிச் சம்பாதித்ததை,
சனிக்கிழமைகளை, என் இடது முழங்காலை.

நியூவார்க் சந்தையில் சேற்றில் ஊன்றிய மடக்கு மேசை,
அதன் மேல் பிஸ்கட் டப்பா, அதற்குள் உயரமானி.
சிறு சாளரத்தில் 998 என்று நின்றது
யாரோ கடைசியாகத் திருகிவைத்த ஒரு நாளின் காற்றழுத்தம்.
மழை நாளாகத்தான் இருக்கும்.
அந்தக் குமிழை நான் தொடுவதில்லை.

ஆக்சிஜன் சீராக்கி கெய்ஸ்டரில் கிடைத்தது,
ஒரு பேக்கரிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடி.
பதிலுக்கு ஒரு செங்கல்லும் பத்து பவுண்டும் நீட்டினேன்.
"செங்கல் போதுமே" என்றாள் அந்த அம்மாள்,
பத்தையும் வாங்கிக்கொண்டு.
ரேடியம் பூசிய திசைகாட்டி வந்தபோது
பல்லி விடாமல் சொல்வதுபோல் கைகர் கருவி சொன்னது.
நல்ல சகுனமா என்று கேட்டாள் க்வெண்டா.
ஈய டப்பாவில் போட்டு மூடினேன்.

கடிகாரம் மட்டும் வரவில்லை.
வந்த ஒன்று டாங்கியிலிருந்து கழற்றியது.
இன்னொன்று புத்தம் புதிது, அழுக்கு மட்டும் பழையது.
இருக்கையில் உட்கார்ந்தால்
பலகையின் வட்ட ஓட்டை வழியே
சுவரில் மாட்டிய க்வெண்டாவின் சைக்கிள் தெரியும்.
ஆறு வருஷம் அதைப் பார்த்தே பறந்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ரொட்டி உறையோடு வாசலில் நின்றார் நெவில் டக்ஸ்வொர்த்.
"திருடினேன் என்று நினைக்காதீர்கள்,
வேலை முடியவில்லை, அவ்வளவுதான்."
அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, தளத்தில் கருவி மெக்கானிக்.
நாளுக்கு ஐந்து நிமிடம் மந்தம் என்று விமானி எழுதிவைக்க,
வெள்ளிக்கிழமை கழற்றினார்.
திங்கட்கிழமை வந்தபோது
விமானம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

கயிற்றில் கட்டிய அட்டையில் எண்.
பலகையின் பின்னால் பென்சிலில் எண்.
இரண்டையும் நான் மூன்று முறை படித்தேன்.

"சரி செய்தீர்களா?"
"இல்லை. முட்டை வேகவைக்க அது போதும்."
"விலை?"
அவர் மடிப்பில் கிழிந்த ஒரு சீட்டை விரித்தார்.
குறை: கடிகாரம் மந்தம். கழற்றியவர்: நெ. ட.
பொருத்தியவர்: வெற்றுக் கட்டம்.

இடுப்பெலும்பு மாற்றிய மனிதரை
ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி உள்ளே வைத்தோம்.
திருப்புளி அவருடையதுதான் வேண்டுமாம்.
மூன்று திருகாணிகள் கடித்தன.
நான்காவதற்கு மரம் உளுத்திருந்தது;
தீக்குச்சியை ஒடித்துத் துளையில் செருகி இறுக்கினார்.
கையெழுத்துப் போட்டார்.
சரிபார்த்தவர் என்ற கட்டத்தைக் காட்டினார்.
எனக்கு அந்த அதிகாரம் ஏது என்று நான் தயங்க,
க்வெண்டா பேனாவைப் பிடுங்கிப் போட்டாள்.

அடுத்த வாரம் போன் செய்தார்,
முட்டை கல்லாகிறதாம்.
க்வெண்டா சமையலறை டைமரைத் தபாலில் அனுப்பினாள்.

சைக்கிள் இப்போது தெரிவதில்லை.
ஓட்டை இருந்த இடத்தில் மணி பத்து நாற்பது,
அதாவது பத்து நாற்பத்தைந்து.
அடுத்து வேண்டியது திராட்டிலின் குமிழ்.
டார்பியில் ஒருவர்
அதைத் தன் கார் கியரில் மாட்டி
ஓட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.