பில் எண் நாற்பத்தேழு

க்ரோனிங்கன் ரயிலடிக்குப் பின்னால்
மழை சாய்ந்தடித்த ஒரு செவ்வாய்க்கிழமை
என் முதல் போணி.
பெயர் மாரைக்கே. பின்சக்கரத்தில் கண்ணாடிச் சில்லு.
டியூபை உருவி வாளித் தண்ணீரில் அமுக்கினேன்.
குமிழி கிளம்பிய இடத்தில் விரலை வைக்கும்போது
"எவ்வளவு நாளாக இந்தத் தொழில்?" என்றாள்.
குமிழியைப் பார்த்தபடியே
"கொஞ்ச நாளாக" என்றேன்.
காலை ஒன்பதரையிலிருந்து என்றாலும்
கொஞ்ச நாள்தானே.

பதினான்கு யூரோ ஐம்பது.
பில் கேட்டாள்.
புதுப் புத்தகம். முதுகு இன்னும் மடங்கவில்லை.
எண் என்று அச்சடித்த கட்டத்துக்கு மேல்
பேனா நின்றது.
ஒன்று என்று எப்படி எழுத?
இதுதான் முதல் பல் என்று சொல்லும் வைத்தியனிடம்
யார் வாயைத் திறப்பார்கள்?
நாற்பத்தேழு என்று எழுதினேன்.
ஐம்பது என்றால் பொய் மாதிரி இருந்தது.

அஸ்மாராவில் நான் குடிநீர் வாரியத்தில்
நில அளவையாளன்.
சான்றிதழை டச்சு மொழிக்கு மாற்ற
நூற்றெண்பது யூரோ கட்டினேன்.
மாற்றிய பிறகு அது
நான் பாதி அளவையாளன் என்றது.
நேர்காணலில் எல்லோரும் இனிமையானவர்கள்.
"உங்கள் டச்சு இன்னும் இவ்வளவு வேண்டும்" என்று
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில்
அளவு காட்டினார்கள்.
அளந்து பழகிய கண் எனக்கு.
இரண்டு வருடத்தில் அந்த இடைவெளி
ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

அப்புறம் கிடங்கு. இரவு ஷிப்ட்.
யார் யாரோ வாங்கிய செருப்புகளை
யார் யாருக்கோ அனுப்பினேன்.
நாளைக்கு வர வேண்டாம் என்ற குறுஞ்செய்தி
விடிகாலை நாலு மணிக்கு,
நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே வந்தது.

வணிகப் பதிவகத்தில் கேட்டார்கள்:
நிறுவனத்தின் பெயர்?
யோசித்து வரவில்லை.
"லெக்" என்றேன்.
லெக் என்றால் ஓட்டை, பஞ்சர்.
வகுப்பில் யாரும் சொல்லித் தராமல்
தெருவிலிருந்து நானே பொறுக்கிய முதல் சொல்.
குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்து
எட்டு இலக்க எண் ஒன்று கொடுத்தார்.
பிறகு கையை நீட்டினார்.
இந்த நாட்டில் மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து
என்னை நோக்கி நீண்டு,
காகிதம் எதுவும் பிடித்திராத முதல் கை.
குலுக்கத்தான் என்று புரிய
ஒரு நொடி ஆனது.

அன்றிரவு லெம்லெம் பில் புத்தகத்தைப் புரட்டினாள்.
"அந்த நாற்பத்தாறு பேரும்
காசு கொடுத்தார்களா, கடனா?"

மூன்று மாதம் கழித்து
கணக்காளர் வீப்கேவும் அதையேதான் கேட்டாள்,
சிரிக்காமல்.
வாசல் பலகையில் அவள் பெயர்
ஒட்டின பசை காயாதது போல் பளபளத்தது.
"ஒன்று முதல் நாற்பத்தாறு வரை எங்கே?
வருமானத்தை மறைத்தீர்கள் என்பார்கள்."
வருமானத்தை இல்லை அம்மா,
அது இல்லாததைத்தான் மறைத்தேன்.

சொல்லத் தொடங்கினேன்:
முகாமில் ஆப்கன் பையனின் பிரேக் இல்லாத சைக்கிள்,
பில் இல்லை, ஒரு ஆரஞ்சு கொடுத்தான்.
தேவாலயத்து அம்மாவின் செயின்.
என்னை வேண்டாம் என்ற கிடங்கு மேலாளரின்
சீட் போல்ட்டும்கூட.
அதற்கு மேல் நினைவில்லை.
எண்ணி வைக்க அப்போது
எண் எதுவும் இருக்கவில்லை.

கோப்பின் ஓரத்தில் அவள் எழுதினாள்:
'வரிசை 47-இல் தொடங்குகிறது.'
கையெழுத்து. தேதி.

பிறகு தன் கூலிக்கான பில்லைக் கிழித்துத் தந்தாள்.
எண்: ஆயிரத்து மூன்று.

நிமிர்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே மழையை
வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.