கொக்கி

பங்குனியில் ஜீப் படுத்துவிட்டது.
கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்ட மெக்கானிக்
"இதுக்குச் செலவு பண்றதும்
நொய்யல்ல காசு எறியறதும் ஒண்ணுங்க" என்றார்.
நொய்யலில் அன்றைக்குத் தண்ணீரும் இல்லை.

அதே வாரம் கோகிலவாணியின் ஸ்கூட்டி
ஓலப்பாளையம் பிரிவில் நின்றுபோனது,
இரண்டும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி.

எனக்கு இழுக்க ஒரு வண்டி வேண்டும்.
வாடகைக்கு விடும் கலவை மெஷின், முக்கால் டன்.
இருபதுக்கு மேல் போனால் பின்னால் ஆட ஆரம்பிக்கும்,
நோம்பிக்கு வந்த மச்சான் மாதிரி.
அவளுக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும்.
காங்கேயத்தில் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறாள்,
ஒன்பதேகாலுக்கு விரல் வைக்க வேண்டும்.

கரண்ட் பில்லின் முதுகில் ரோசனை பண்ணினோம்.
இடது பக்கம் ஒரே ஒரு குட்டியானை,
பின்னால் கொக்கி பற்றவைத்து.
வலது பக்கம்
இழுக்க இன்னொரு அரதப்பழைய ஜீப்,
போய்வரப் புது ஸ்கூட்டி.
டயர் ஆறு, இன்சூரன்ஸ் இரண்டு,
நிறுத்த வாசல் ஒன்று.

குட்டியானைதான் என்றேன்.
காலையில் உன்னை இறக்கிவிட்டு மெஷினைக் கட்டிக்கிறேன்,
பொழுதோட அதைக் கழட்டிவிட்டு உன்னை ஏத்திக்கிறேன்.
போகையில் வருகையில் நாலு வார்த்தை பேசிக்கலாம்.
"நீங்க பேசறது மைலேஜ்" என்றாள்.
ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் ஓடியது.
நான்காவது வாரம் படியூரில் தளம் போடுகிறார்கள்,
மெஷின் போகாவிட்டால் முப்பது ஆள் சும்மா குந்தியிருக்கும்.
அவளுக்கு ஆடிட்.
மெஷினைக் கட்டிக்கொண்டே அவளையும் ஏற்றினேன்.

பின்னால் பஸ்காரர்கள்
ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார்கள்.
தேங்காய்ப் பருப்பு காயும் களங்களை
ஒவ்வொரு பருப்பாக எண்ணிக்கொண்டு கடந்தோம்.
சைக்கிளில் வந்த பால்காரர் முந்திப் போய்,
ஒரு வீட்டில் நின்று ஊற்றிவிட்டு,
மறுபடியும் முந்தினார்.

ஒன்பது ஐம்பது. ஆலை வாசல்.
வாட்ச்மேன் கேட்டை முழுசாகத் திறந்து
"அக்கா, எங்க தளம் போடறோம்?" என்றார்.
அவள் இறங்கினாள். சேலையெல்லாம் சிமெண்ட்.
ஆடிட்டர் ஜன்னலில் நின்று பார்த்தாராம்.

ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை.
அது நல்லதுக்கில்லை என்று எனக்குத் தெரியும்.
என் வாடகை நோட்டை எடுத்து விரித்தாள்.
"மெஷின் போன மாசம் எத்தனை நாள் ரோட்டுல போச்சு?"
தினமும்.
"ஒம்பது நாள். மிச்ச நாளெல்லாம் போட்ட எடத்துலயே நின்னுட்டிருந்துச்சு.
நீங்கதான் போனீங்க, வந்தீங்க.
நான் இருபத்தியாறு நாள்."
எண்ணெய்க் கணக்கு எழுதுகிறவள்,
ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இழுக்கத்தான் வாங்கினோம் என்றிருந்தேன்.
வாங்கியது போய்வர;
கொக்கி அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

ஆடியில் லைசென்ஸ் எடுத்தாள், முதல் தடவையிலேயே.
எனக்கு மூன்றாம் தடவை கிடைத்தது.

இப்போது குட்டியானை
ஆலையில் புண்ணாக்கு லாரிகளுக்கு நடுவே நிற்கிறது.
திரும்பும்போது நாலு மூட்டை ஏற்றி வருகிறாள், வாடகைக்கு,
என்ன வாடகை என்று எனக்குச் சொல்வதில்லை.
மெஷினை இடம் மாற்ற வேண்டுமென்றால்
முதல்நாள் ராத்திரியே மாற்றிவிடுகிறோம்.
அவள் ஓட்ட, நான் பின்னால்
டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மற்ற நாள் நான் பஸ்.
மடியில் மஞ்சப்பை, பையில் மெஷினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில்.
தளத்தில் விட்டால் இரும்புக்கடைக்குப் போய்விடும்.
முனை எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"இது என்னுங்ணா?" என்றார் கண்டக்டர் நேற்று.
வண்டிச் சாவி என்றேன்.
சித்தெ பார்த்தார்.
லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்தார்.