புள்ளிக்கு ஓர் அறை

பள்ளத்தூரில் அன்று நூற்றி ஆறு டிகிரி.
"சித்தி, ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்குங்க,
கையுறை மறந்துறாதீங்க" என்றான் சோமு போனில்.
பீரோவில் பட்டும் பாச்சை உருண்டையும்தான் இருந்தன.
மதுரை வரை போனோம்.
சித்திரை வெயிலில் கம்பளி கேட்டவளைக்
கடைப் பையன் ஏற இறங்கப் பார்த்தான்.

டிக்கெட் போட்டது சோமு.
அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பல்.
அறைக் கணக்கும் அவனுடையதுதான்:
புள்ளிக்கு ஒன்று, ஒரே தளம், எதிரெதிர்க் கதவு.
அவன் அப்பா வயிரவன் ஒரு புள்ளி.
தம்பி சேவுகன், என் வீட்டுக்காரர், ஒரு புள்ளி.
இருவரும் பேசிப் பதினோரு வருஷம்.
கீழ வீட்டுப் பங்கு
தேவகோட்டைக் கோர்ட்டில்
வாய்தா மேல் வாய்தாவாகக் கிடந்தது.

பேசாதது அவர்கள்தான்.
நானும் தெய்வானை அக்காவும்
வெள்ளிக்கிழமை தோறும்
கொப்புடையம்மன் சன்னிதியில்
கண்ணை மூடிக்கொண்டே
எல்லாம் பேசி முடித்துவிடுவோம்.

கப்பல் என்றால் இந்தக் குடும்பத்தில்
லாபம், இல்லையென்றால் நட்டம்.
வேடிக்கை பார்க்க யாரும் ஏறியதில்லை.
முதல் நாள் சாப்பாட்டு மேசையில்
அண்ணனும் தம்பியும்
மெனு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு
வட்டிக் கணக்குச் சரிபார்ப்பதுபோல்
அரைமணி நேரம் வாசித்தார்கள்.
நடுவில் அக்காவின் டின்னும் என் ஊறுகாயும்.
சீப்புச்சீடை மட்டும்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்.
விளக்கேற்றும் நேரம் எதுவென்று தெரியாமல்
ஒரு வாரம் தவித்தேன்.

நீர்நாய் மல்லாந்து படுத்திருந்தது,
வயிற்றின்மேல் குட்டி.
சாலா பதினேழு வரை எண்ணினாள்,
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.
திமிங்கிலம் முதுகைக் காட்டியது,
வாலை ஒருதரம் விரித்தது,
பிறகு இல்லை.
"இவ்வளவுதானா?" என்றார் என் வீட்டுக்காரர்.
"நின்னு குசலம் விசாரிக்குமாக்கும்!"
என்றாள் அக்கா, கடலைப் பார்த்து.

ஐந்தாம் நாள் பனியாறு.
எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.
வெள்ளை என்று நினைத்திருந்தேன்.
நீலம்.
வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம்
மலையளவு கட்டி தட்டிப்போனதுபோல்.
ஆயிரம் பேர் மேல்தளத்தில்,
ஒருவர் வாயிலும் பேச்சில்லை.
ஒரு பக்கம் சரிவது கண்ணுக்குத் தெரிந்தது,
சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

"ரெண்டாங்கட்டு" என்றார் மூத்தவர்,
பனியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமாண்ணே. இதே சத்தம்."

போன ஐப்பசி அடைமழையில்
கீழ வீட்டு ரெண்டாங்கட்டுச் சுவர்
நடுச்சாமத்தில் விழுந்தது.
தெருவுக்கு இந்தக் கோடியில் ஒருவர்,
அந்தக் கோடியில் ஒருவர்,
படுத்தபடியே கேட்டிருக்கிறார்கள்.
போய்ப் பார்த்தால் கேஸ் என்னாகுமோ என்று
விடியும்வரை புரண்டிருக்கிறார்கள்.

அலை வந்து கப்பலை லேசாக ஆட்டியது.
பனித்துண்டில் கிடந்த கடல்நாய்
தலைதூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.
சினிமாவாயிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்கள்.
இவர்கள் சூப் வாங்கப் போனார்கள்.
ஒரே வரிசை,
நடுவில் ஒரு வெள்ளைக்காரர்.
அவ்வளவுதான் நடந்தது.
திரும்பும் விமானத்திலும் பேச்சில்லை.

பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள்.
பத்து மணிக்கே தயிர் புளித்துவிடுகிறது.
கரண்டு போன மத்தியானம்
ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த ஐஸை
சொம்புத் தண்ணீரில் போட்டுக்
காதை வைத்துக் கேட்கிறாள் சாலா:
"அம்மா, அதே சத்தம். குட்டியா."

வாசலில் கொத்தனார் ஆரோக்கியம்,
கையில் அளவு டேப்.
"ரெண்டு செட்டியாரும் தனித்தனியா
போன் போட்டாங்க ஆச்சி,
ரெண்டாங்கட்டை அளந்து சொல்லுன்னு.
அடுத்தவருக்குத் தெரிய வேணாம்னும்
ரெண்டு பேருமே சொல்லியிருக்காங்க.
நான் யார்கிட்ட அட்வான்ஸ் வாங்குறது?"

சாலாவிடமிருந்து சொம்பை வாங்கி நீட்டினேன்.
"முதல்ல தண்ணி குடிங்க."