சராசரி

எம் ஆறில், சாண்ட்பாக் தாண்டி
பதினோரு மைலுக்கு ஐம்பது.
மஞ்சள் கம்பத்தின் முதல் கேமரா
வெர்னாவைக் குறித்துக்கொண்டபோது
முள் அறுபத்தெட்டில்.

"டெஸ்மண்ட் ஒரே நிலையில்தான் இருக்கிறார்"
என்றிருந்தாள் நர்ஸ், போனில்.

நாலாவது மைலில்தான் கணக்கு உறைத்தது.
ஓடியதையெல்லாம்
மிச்ச ஏழில் ஊர்ந்து அடைக்க வேண்டும்.
நாற்பத்து மூன்று.
பின்னால் லாரிக்காரன்
விளக்கை வெட்டி வெட்டித் திட்டினான்.

வேலை நடக்கும் இடத்தில்
வேலை நடக்கவில்லை.
கூம்புகள். கூம்புகள்.
தோண்டும் இயந்திரத்தின் வாளிக்குள்
ஒருவன் கால்நீட்டிச் சிப்ஸ் தின்றான்,
இவளைப் பார்த்துக் கையாட்டினான்.
இவளும், ஏனோ.

கடைசிக் கம்பம்.
சரியாக ஐம்பது, அபராதம் இல்லை.

ஐம்பதில் மட்டும்
அவள் ஓட்டவேயில்லை.