கேட்டு

எப்சிபா பீரோவுக்குள் தலையை விட்டுப் பாடுவாள்.
பட்டுப்புடவை எங்களிடம் இல்லை,
பாலியஸ்டரும் இரண்டு கம்பளியும்தான்.
எதிரொலியை அவையும் நன்றாகவே விழுங்குகின்றன.
ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி, கொருக்குப்பேட்டை.
மைக் மட்டும் புதுசு,
என் போனஸ்.

பாட்டு இருக்கிறது, குரல் இருக்கிறது,
எதில் பிடிப்பது என்பதில்தான் தகராறு.

முதல் மென்பொருளை ஜோதிராஜ் சொன்னான்:
‘பெரிய ஸ்டூடியோல எல்லாம் இதாம்பா.’
விலை என் மூன்று மாதச் சம்பளம்.
பூட்டுடைத்த காப்பி முந்நூறு ரூபாய்,
மூலக்கொத்தளத்தில் ஒருவர் பென் டிரைவோடு தருகிறார்.
போட்டோம்.
நாலு ஜிபி மடிக்கணினி
மணலி டேங்கர் மேம்பாலம் ஏறுவதுபோல் உறுமியது.
அந்த உறுமலும் பாட்டோடு பதிவானது.
மறுநாள் திரையில் யாரோ
ரம்மி ஆடக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது இலவசம்.
உள்ளேயே மேளம், கைத்தட்டல், மழை,
எந்த ஊரிலோ பெய்த மழை.
எதைத் தொட்டாலும் பாட்டாகிவிடுகிறது.
‘நல்லாத்தான் கீது’ என்றாள் எப்சிபா,
‘நான் எதுக்கு இதுல?’

மூன்றாவது
ரேஷன் கடைச் சுவரின் நிறம்.
ஒரு அழகும் இல்லை.
திறந்ததும் கேட்கும்:
இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா?
ஆமாம் என்று அழுத்த
ஐந்து நொடி காத்திருக்க வேண்டும்.
காத்திருப்பது எங்களுக்கு வரும்,
தெருமுனையிலேயே ரயில்வே கேட்டு.

அதற்குள்ளும் ஒரு கேட்டு இருந்தது.
சத்தம் குறைந்தால் சாத்தும், கூடினால் திறக்கும்.
மைனஸ் நாற்பதில் வைத்தேன்,
பக்கத்து வீட்டுக் குக்கர்
டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்தது.
இருபத்தைந்தில் வைத்தேன்,
குக்கர் போயிற்று, கூடவே
அவள் சொற்களின் வால்களும்.
தண்ணி என்பது தண்.
வந்தான் என்பது வந்.
அவள் வரி முடிகிற இடத்தில்தான் குரலைத் தாழ்த்துவாள்,
அங்கேதான் பாட்டே இருக்கிறது.
‘கூட்ஸ் போறப்போ ஆளப் புடிச்சி வெக்கலாம்,
பாட்ட ஏம்மே புடிச்சி வெக்கிற?’

கேட்டைக் கழற்றிவிட்டேன்.
கண்டெய்னர் யார்டில் சீல் நம்பர் எழுதுகிறவள் நான்,
எழுதுவதற்குச் சலிக்க மாட்டேன்.
ஒரு வாரம் ஜன்னலோரம் நோட்டுப் போட்டேன்.
இரவு பன்னிரண்டு பத்திலிருந்து
பன்னிரண்டு முப்பத்தைந்து வரை
ரயில் இல்லை, ஹாரன் இல்லை,
கீழ்வீட்டுச் செல்வநாயகத்தின் இருமல் மட்டும்.
போய்ச் சொன்னோம்.
‘அவ்ளோதான?’ என்றார்.
அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்கே
மருந்து குடித்துவிட்டுப் படுக்கிறார்.

மூன்று ராத்திரி, மூன்று மென்பொருள், ஒரே பாட்டு
என்று ஏற்பாடு.
மழைக்காலம். மூன்று ராத்திரியும் கரண்டு போனது.
மடிக்கணினியின் பேட்டரி
செத்து ஒரு வருடமாகிறது.

முதலாவது, கரண்டு வந்ததும்,
கோப்பு பழுதாகிவிட்டது என்றது.
இரண்டாவது கடவுச்சொல் கேட்டது,
சொன்னோம்,
காலிப் பக்கத்தைக் காட்டியது.
மூன்றாவது
வழக்கமான கேள்வியைக் கேட்டது,
ஐந்து நொடி நிறுத்திவைத்தது,
பிறகு முப்பத்தெட்டு நொடி வைத்திருப்பதாகச் சொன்னது.

ஓடவிட்டோம்.
பீரோ கதவின் கிரீச்.
ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடிப்பது.
‘கேக்குதாமே?’
‘கேக்குது’,
இது என் குரலா,
இவ்வளவு அவசரமாகவா பேசுகிறேன்?
ஒரு இருமல், கீழ்வீட்டுடையது அல்ல.
அப்புறம் அவள் மூச்சு இழுப்பது.
அதோடு இருட்டு.

பாட்டு அதில் ஒரு எழுத்துகூட இல்லை.
‘இதுவே போதும், இத்தையே வாங்கு’ என்றாள்.

அடுத்த சம்பளத்தில் பணம் கட்டினேன்.
இப்போது அது எதுவும் கேட்பதில்லை,
தொட்டவுடன் திறந்துகொள்கிறது.
எப்சிபாதான்
ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும்
கம்பளிகளுக்கு நடுவே
ஐந்து நொடி சும்மா நிற்கிறாள்.
பழகிவிட்டதாம்.